பின்சீட்டைப் பார்த்த கண்ணாடி

படிக்கிறவர்கள் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். என் எழுத்து கோழிக்கிறுக்கல் மாதிரி இருக்கும், எங்கே சின்ன ர வரும், எங்கே பெரிய ற வரும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பட்டாளத்துக் கேம்ப் பக்கம் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும்தான் படித்தேன், அதற்கப்புறம் நான் படித்த தமிழ் எல்லாம் பைபிளும் கோயில் நோட்டீசும்தான். எழுதுவானேன், வாயால் சொல்லலாமே என்பீர்கள். எனக்கு அது வராது. நாலு பேர் முகத்தைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். டிரைவர் வேலை எனக்குப் பிடித்துப்போனதே அதனால்தான். ஆட்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், ஏதாவது பேச வேண்டியிருந்தால் கண்ணாடியைப் பார்த்துப் பேசிக்கொள்ளலாம்.

பேய் பிசாசு, காத்து கருப்பு என்று நான் நம்பினவன் இல்லை. கண்டாலா மலைப்பாதையில் வெள்ளைப் புடவை கை காட்டும் என்று கூட வேலை செய்த டிரைவர்கள் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அந்த மலைப்பாதையில் நான் எல்லா நேரத்திலும் ஏறி இறங்கியிருக்கிறேன், நாயைத் தவிர ஒன்றும் கை காட்டவில்லை, நாய்க்குக் கையும் இல்லை. டிரைவர் பயப்பட வேண்டியது பின்னால் லைட் எரியாத லாரிக்குத்தான் என்று நானே அவர்களைக் கிண்டல் செய்தவன். அதனால் நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

எங்கள் வீடு கோர்படியில், மராத்திக்காரர்கள் நடுவில், ரயில்வே லைனுக்குப் பக்கத்துச் சந்தில். ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிற வேலைதான் வாலிபத்திலிருந்து எனக்கு. அங்கே ஒரு பழக்கம் படிந்துவிட்டது. காலையில் வண்டியைச் சுற்றி ஒரு நடை. டயரைக் காலால் ஒரு அமுக்கு, கீழே குனிந்து தரையில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று ஒரு பார்வை, பானெட்டைத் தூக்கி ஆயில், தண்ணீர், பிரேக் எண்ணெய், பிறகு நாலு கதவையும் திறந்து ஒரு தரம் மூடுவது. கதவு சரியாக விழுந்ததா என்று எனக்குக் காதே சொல்லிவிடும், டப் என்று கேட்க வேண்டும், கடகட என்று கேட்கக் கூடாது. அப்புறம் உள்ளே உட்கார்ந்தால் சீட், கண்ணாடி, பெல்ட், கடைசியாகத்தான் சாவி. இந்த வரிசை எனக்கு ஜெபம் மாதிரி. ஸ்டெல்லா, அதாவது என் சம்சாரம், "ஜெபத்துல கூட நடுவுல கொட்டாவி விடுறீங்க, இதுல விடமாட்டேங்குறீங்க" என்பாள்.

போன வருஷம் வெயில் காலத்தில் சொந்தமாக ஒரு கார் வாங்கினோம். பழைய வண்டிதான், வெள்ளி நிறம், சின்னது. எங்கள் மகள் ரீனாவும் மருமகனும் ரஞ்சன்காவில் ஃபேக்டரி வேலை, வீடும் அந்தப் பக்கம்தான், இரண்டு பேருக்கும் ஷிப்ட் மாறி மாறி வரும், அதனால் பேத்தி நான்சி வாரம் முழுக்க எங்களிடம், சனிக்கிழமை கொண்டுபோய் விட்டு ஞாயிறு கூட்டிவர வேண்டும். கைக்குழந்தையாக இருந்தவரைக்கும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனோம். நாலு வயசான பிறகு அவள் மடியில் நிற்கிறவளா? அதற்காகத்தான் கார்.

விஷ்ராந்த்வாடியில் ஆளந்தி ரோடு ஓரமாகப் பழைய வண்டி விற்கிற ஏஜென்ட் ஒருவனிடம் வாங்கினோம். "அங்கிள், சிங்கிள் ஓனர், ஒரு மேடம் மட்டும்தான் ஓட்டினாங்க, பூ மாதிரி வெச்சிருந்தாங்க" என்று இந்தியில் சொன்னான். நான் சுற்றி வந்து பார்த்தேன். டயர் நன்றாக இருந்தது, எண்ணெய் கசிவு இல்லை, நாலு கதவும் டப் டப் என்று விழுந்தது. பழைய வண்டிக்கு இப்படி ஒரு சத்தமா என்று எனக்கே பெருமையாக இருந்தது. இந்தப் பெருமையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஃபாதர் வெளியே வந்து வண்டிக்குத் தீர்த்தம் தெளித்தார். ஸ்டெல்லா ஒரு ஜெபமாலையை உள்கண்ணாடியில் தொங்கவிட்டாள். கண்ணாடியில் எதையும் தொங்கவிடக் கூடாது, ஆடிக்கொண்டே பார்வையை மறைக்கும் என்று சொன்னேன். "மாதா மறைக்கமாட்டா" என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டு ஷிண்டே எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்து வைத்துக்கொண்டு நிற்கிறார். முன் பம்பரில் அதைக் கட்டியே தீருவேன் என்கிறார். இந்தச் சந்தில் எல்லோருக்கும் நான் அண்ணாதான், மதராசி என்றால் அண்ணா, என் பேர் ஒருவருக்கும் தெரியாது.

"அண்ணா, உங்க சாமி மேலேர்ந்து பார்ப்பார், இது கீழேர்ந்து பார்க்கும்" என்றார் ஷிண்டே.

"பார்த்தது போதும், மிளகாயை எடுத்து வெங்காயத்தோட வதக்குங்க" என்றாள் ஸ்டெல்லா, தமிழில் பாதி, மராத்தியில் பாதி. அவர் சிரித்துக்கொண்டே கட்டிவிட்டுப் போனார். ஆக மொத்தம் எங்கள் வண்டிக்குக் காவலுக்குக் குறைச்சல் இல்லை.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் கதவைத் திறந்து உட்காரப் போனேன், முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. நான் நெட்டையான ஆள், சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளித்தான் உட்காருவேன். சீட் முன்னால் வந்திருந்தது, ஒரு குள்ளமான ஆள் உட்கார்கிற தூரத்துக்கு. ரீனா ஏதோ எடுக்க உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துப் பின்னால் தள்ளினேன். கண்ணாடியைப் பார்த்தேன், அதில் பின்னால் வருகிற ரோடு தெரியவில்லை. பின்சீட்டின் இடது மூலை தெரிந்தது. அவ்வளவுதான், திருப்பி வைத்துவிட்டு ஓட்டினேன். சாயங்காலம் போனில் கேட்டால், நான் அந்தப் பக்கம் வரவே இல்லையேப்பா என்கிறாள் ரீனா.

மறுநாள் சரியாக இருந்தது. அதற்கு அடுத்த நாள் மறுபடி அதேதான். சீட் முன்னால், கண்ணாடி பின்சீட்டின் இடது மூலைக்கு.

ஸ்டெல்லா, ஜெபமாலை கனம் இழுக்கிறது என்றாள். சரி என்று மாலையைக் கழற்றி டேஷ்போர்டு டப்பாவில் வைத்தேன், கண்ணாடி மறுபடியும் திரும்பியது. ஷிண்டேவிடம் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. "கூட்ஸ் ரயில் போறப்ப என் வீட்டுப் பாத்திரமே ஆடுது அண்ணா, உங்க கண்ணாடி ஆடாதா?" என்றார். அது நியாயமாகப் பட்டது. ஆனால் அன்றிலிருந்து தினமும் காலையில் பல் தேய்த்துக்கொண்டே, "என்ன அண்ணா, ராத்திரி வண்டி தனியா ஊர் சுத்தப் போச்சா?" என்று சந்துக்கே கேட்கிற மாதிரி மராத்தியில் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

கேரேஜ் வைத்திருக்கிற இக்பால் பாயிடம் கொண்டுபோனேன். எனக்கு அவரைப் பல வருஷமாகத் தெரியும். அவர் சீட்டுக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "அரே அண்ணா, சீட் லாக் தேஞ்சிருக்கு, பிரேக் போட்டா தானா முன்னால சரியும், நீங்க கவனிச்சிருக்கமாட்டீங்க" என்றார். கண்ணாடி மூட்டு லூசு, ஸ்பீட் பிரேக்கரில் திரும்புகிறது என்றார். லாக்கை மாற்றினார், மூட்டை இறுக்கினார். கண்ணாடியை நான் இரண்டு கையால் திருப்ப வேண்டியிருந்தது, அவ்வளவு இறுக்கம். நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் முழங்கால் இடித்தது.

அதிலிருந்துதான் எனக்குள் ஒரு இருப்புக்கொள்ளாமை ஆரம்பித்தது. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து போய் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்ப்பேன். வண்டிக்கு உறை போட்டு, கயிற்றை என் பழக்கப்படி முடிச்சுப் போட்டுக் கட்டினேன், லாரிக்காரர்கள் தார்ப்பாய்க்குப் போடுகிற முடிச்சு அது, தெரியாதவன் அவிழ்த்தால் திரும்ப அப்படியே கட்ட முடியாது. சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். காலையில் முடிச்சு போட்டபடியே இருக்கும், உள்ளே சீட் முன்னால் வந்திருக்கும்.

ஒரு நாள் சீட் ஓடுகிற தண்டவாளத்தில் ஒரு தீக்குச்சியைக் குறுக்கே செருகி வைத்தேன். சீட் தானாகச் சரிந்தால் குச்சி நசுங்கும் அல்லவா, அதுதான் கணக்கு. காலையில் பார்த்தால் சீட் முன்னால் இருக்கிறது. தண்டவாளத்தில் குச்சி இல்லை. நிமிர்ந்தேன், குச்சி டேஷ்போர்டு மேல் இருந்தது, உடையாமல், நேராக, யாரோ எடுத்துப் பத்திரமாக வைத்த மாதிரி. நம்பினால் நம்புங்கள், நான் காலைக் காப்பி குடிக்காமல் அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்ணாடியை நான் தினமும் பேப்பரால் துடைப்பேன், துணியால் துடைத்தால் நூல் ஒட்டும். அப்படித் துடைத்த கண்ணாடியின் கீழ் ஓரத்தில், அது திரும்பியிருக்கிற நாட்களில் மட்டும், ஒரு பெருவிரல் தடம் இருக்கும். கண்ணாடியைத் திருத்துகிற எவரும் விடுகிற தடம்தான் அது. ஆனால் சின்ன விரல். ஸ்டெல்லாவை அழுத்தச் சொல்லிப் பார்த்தேன், அவள் விரல் அதைவிடப் பெரிசு.

"விரலைப் பார்த்துட்டீங்களா? இப்ப ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?" என்றாள் அவள். எந்த ஆஸ்பத்திரி என்று நான் கேட்கவில்லை.

வண்டியை விற்றுவிடலாம் என்று ஒரு மனசு. எந்தக் காரணம் சொல்லி விற்பது? சிரிப்பார்கள். மழை வேறு பிடித்துக்கொண்டது. அப்படியே ஆனி முடிந்து ஆடியும் வந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானமே கிளம்பியிருக்க வேண்டும், மழை விடவில்லை என்று சாயங்காலம்தான் கிளம்பினோம். நான் ஓட்டினேன், ஸ்டெல்லா பக்கத்தில், நான்சி பின்னால். நான்சிக்கு எப்போதும் இடது பக்க ஜன்னல்தான், கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வாயால் புகை விட்டு அதில் படம் வரைந்துகொண்டு வருவாள். பெல்ட்டை நானே மாட்டிவிட்டேன். அது பெரியவர்களுக்கு அளவெடுத்த பெல்ட், அவள் புழுவாக நெளிந்து கையை வெளியே எடுத்துவிடுவாள், ஒவ்வொரு வாரமும் இதே சண்டைதான்.

ரஞ்சன்காவுக்குப் போகிற நகர் ரோடு தெரியுமல்லவா, சனிக்கிழமை மழை என்றால் வண்டி நகராது. வாகோலி தாண்டுவதற்குள்ளேயே இருட்டிக்கொண்டு வந்தது. வைப்பர் கீச் கீச் என்கிறது. நான்சி, "தாத்தா, மம்மி வீடு ஆலா கா?" என்று ஆரம்பித்தாள், வந்துவிட்டதா என்று கேட்கிறாள், அவள் தமிழில் பாதி மராத்திதான். "இல்லடி கண்ணு, தூங்கு" என்றாள் ஸ்டெல்லா. "நான்சிக்குத் தூக்கம் வரலை, தாத்தாவுக்குத்தான் வருது" என்று சொல்லிவிட்டு ஏதோ பாடிக்கொண்டே வந்தாள், கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றுவிட்டது.

ரீனா வீட்டுக்குப் போக மெயின் ரோட்டிலிருந்து வலது பக்கம் திரும்ப வேண்டும். அந்த இடத்தில் நடுவில் ஒரு மேடு உண்டு, மேட்டில் ஏறிக்கொண்டே சட்டென்று வளைத்துத் திருப்ப வேண்டியிருக்கும், எதிர் வண்டி நமக்காக நிற்காது. அது வரப்போகிறது என்று வேகத்தைக் குறைக்கிறேன், வலது இண்டிகேட்டர் போட்டாயிற்று, பின்னால் என்ன வருகிறது என்று கண்ணாடியைப் பார்க்கிறேன்.

கண்ணாடி திரும்பியது.

என் கண் முன்னால். இரண்டு கையால் திருப்ப வேண்டிய கண்ணாடி அது. வண்டி அப்போது எதிலும் ஏறி இறங்கவில்லை, ரோடு சமமாக இருந்தது. குலுங்கித் திரும்பினால் படக் என்று திரும்பும், இது அப்படி இல்லை. நிதானமாக, ஒரு ஓரத்தைப் பிடித்து ஒருவர் தனக்கு வேண்டிய இடத்துக்குக் கொண்டுவருகிற மாதிரி, கொஞ்சம் அதிகமாகப் போய், பிறகு ஒரு நூல் பின்னால் வந்து நின்றது. நாம் எல்லோரும் கண்ணாடியை அப்படித்தானே வைக்கிறோம். பின்னால் வந்த லாரி வெளிச்சம் மறைந்து, பின்சீட்டின் இடது மூலை வந்தது.

நான்சி தூங்கிக்கொண்டிருந்தாள். பெல்ட் முதுகுக்குப் பின்னால் கிடந்தது. தலையும் தோளும் மொத்தமாகக் கதவின் மேல் சாய்ந்திருந்தது. அவளுக்குப் பக்கத்தில், கதவுக்கும் வண்டிக்கும் நடுவே, மேலிருந்து கீழே வரை ஒரு கோடு வெளிச்சம். வெளியே இருந்த கடை லைட். கதவு மூடியிருந்தால் அந்தக் கோடு தெரியக் கூடாது.

வலது பக்கம் திருப்பியிருந்தால் வண்டியில் இருக்கிற எல்லாமே இடது பக்கம்தான் சாயும். நான் இதை அப்போது யோசித்தேன் என்று சொன்னால் பொய். கை தானாக இண்டிகேட்டரை மாற்றியது, கால் தானாக மெதுவாகப் பிரேக்கை அமுக்கியது, பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனான். இடது ஓரமாக நேராகக் கொண்டுபோய் நிறுத்தினேன். "இன்னாங்க, இன்னா ஆச்சு, திரும்பலையா?" என்று ஸ்டெல்லா கத்துகிறாள். இறங்கிச் சுற்றி ஓடினேன். கதவில் கை வைத்தேன். கைப்பிடியை இழுக்கவே இல்லை, விரல் பட்டது, கதவு அவள் பாரத்தோடு என் மேல் வந்து விழுந்தது. குழந்தையை நெஞ்சோடு பிடித்தேன். அவள் செருப்பு ஒன்று கழன்று சேற்றுத் தண்ணீரில் போய்விட்டது. கண்ணைத் திறந்து, "மம்மி வீடு வந்துடுச்சா?" என்றாள்.

அந்த மழையில் அவளைத் தூக்கிக்கொண்டு அங்கேயே நின்றேன். ஸ்டெல்லா இறங்கி வந்து கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நான்சியை அவள் மடியில் வைத்து, கதவைக் கயிறு போட்டுக் கட்டி, நடக்கிற வேகத்தில் ரீனா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

இக்பால் பாய் அந்தக் கதவைப் பார்த்ததும் உதட்டைக் கடித்தார். கதவு வந்து மாட்டுகிற கொக்கியில் யாரோ சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தார்கள், கறுப்பாக, பார்த்தால் தெரியாத மாதிரி. பழைய கதவு கடகட என்று ஆடினால் வாங்குகிறவன் விலை குறைப்பான், அதற்காகச் செய்கிற வேலை. ரப்பர் இருப்பதால் சத்தம் நன்றாக விழும், ஆனால் பூட்டு இரண்டாம் பல்லுக்குப் போகாது, முதல் பல்லிலேயே தொற்றிக்கொண்டு நிற்கும். தினமும் டப் என்று கேட்டு நான் பெருமைப்பட்டேனே, அது ரப்பர் சத்தம். கதவு திறந்திருந்தால் முன்னால் ஒரு சிவப்பு லைட் எரிய வேண்டும், அதன் பல்பையும் எடுத்திருந்தார்கள். இதைப் படிக்கிறவர்கள் பழைய வண்டி வாங்கினால் சத்தத்தை நம்பாதீர்கள், மூடின கதவை வெளியே இருந்து பிடித்து ஒரு இழு இழுத்துப் பாருங்கள், கொக்கியை விரலால் தடவிப் பாருங்கள். பின்சீட்டில் குழந்தை இருந்தால் அதன் அளவுக்குச் சீட் வாங்கிப் போடுங்கள், நாங்கள் அந்த வாரமே வாங்கினோம். இந்த ஒரு விஷயத்தையாவது நம்பிவிடுங்கள், மற்றதை விட்டுவிடலாம்.

பூட்டை மாற்றின பிறகு அந்த ஏஜென்டிடம் போனேன். சண்டை போடத்தான் போனேன், ஆனால் எனக்குச் சண்டை வராது. தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்த மேடம் யாரு தம்பி? குள்ளமா இருப்பாங்களா? அவங்களுக்குக் குழந்தை இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"எந்த மேடம் அங்கிள்?"

"ஒரு மேடம் மட்டும்தான் ஓட்டினாங்கன்னு சொன்னியே."

அவன் சிரித்துவிட்டான். "அது எல்லா வண்டிக்கும் சொல்றதுதான் அங்கிள். இதோ இது மேடம் வண்டி, அது டாக்டர் வண்டி, எல்லாம் ஏலத்துல வந்தது. யார் ஓட்டினாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

வண்டிப் புத்தகத்தில் இருந்தது ஒரு ஆம்பிளை பேர். ஷிண்டேவின் மகன் அந்த விலாசத்தைத் தேடிப் போய்ப் பார்த்தான். அங்கே இப்போது வேறு கட்டடம் நிற்கிறது, பழைய ஆட்களைப் பற்றி ஒருவருக்கும் தெரியவில்லை. ஆக, மேடம் என்று ஒருத்தி இருந்தாளா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது. விரல் தடம் மட்டும் தெரியும்.

பூட்டு மாற்றின நாளிலிருந்து சீட் நகரவில்லை, கண்ணாடி திரும்பவில்லை. போன தசராவுக்கு ஷிண்டே எங்கள் வண்டிக்கும் சாமந்தி மாலை போட்டார், எலுமிச்சம்பழத்தைக்கூட ஸ்டெல்லாவே எடுத்துக் கொடுத்தாள். கிறிஸ்மஸ் போனது, ஈஸ்டர் போனது. ரீனா இந்த வண்டியிலேயே ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்சும் வாங்கிவிட்டாள். நானும் மெல்ல மறந்துகொண்டு வந்தேன். யாரோ எதற்கோ பார்த்துக்கொண்டார்கள், வேலை முடிந்தது, போய்விட்டார்கள் என்று வைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் கணபதி கரைத்து இரண்டு மூன்று நாள் இருக்கும். காலையில் உட்கார்ந்தேன், முழங்கால் இடிக்கவில்லை, சீட் என் இடத்தில்தான் இருந்தது. கண்ணாடியைப் பார்த்தேன். அதில் என் முகம் தெரிந்தது. நேருக்கு நேர், என் கண்ணையே பார்க்கிற மாதிரி. கீழ் ஓரத்தில் சின்னப் பெருவிரல் தடம்.

அன்றைக்கே இக்பால் பாயிடம் போனேன். என் பக்கத்துக் கதவு, பெல்ட், ஸ்டியரிங், பிரேக், டயர், எல்லாம் பிரித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை அண்ணா, புது வண்டி மாதிரி இருக்கு என்றார். மறுநாளும் கண்ணாடியில் என் முகம். சரி, வண்டியில் ஒன்றுமில்லை என்றால் ஓட்டுகிறவனிடம் இருக்குமோ என்று ஸ்டெல்லா என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கண், ரத்தம், நெஞ்சுக்கு ஒயர் ஒட்டிப் பேப்பரில் கோடு போடுவார்களே அது, எல்லாம் பார்த்தார்கள். இந்த வயசுக்கு நன்றாகத்தான் இருக்கிறீர்கள், உப்பைக் குறையுங்கள் என்றார் டாக்டர். மறுநாளும் என் முகம்.

இனி நான் ஓட்டுவதில்லை, நீயே ஓட்டு என்று ரீனாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டேன். காரணம் கேட்டாள், கண் கூசுகிறது என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஓட்ட நான் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வந்தேன். மறுநாள் காலையில் எட்டிப் பார்த்தேன். கண்ணாடி நான் முந்தின நாள் உட்கார்ந்த சீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அது சீட்டைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் நான் அந்த வண்டியில் ஏறவில்லை. எனக்கு வருவது எதுவானாலும் வரட்டும், நான்சி பக்கத்தில் இருக்கும்போது வரக் கூடாது. வாரக் கடைசியில் ரீனா வந்து இந்த வண்டியில் அவளைக் கூட்டிப்போகிறாள், நான் தனியாக பஸ்ஸில் போகிறேன். "அப்பாவுக்கு நான் ஓட்டுறது பிடிக்கலை, என் டிரைவிங் மேல நம்பிக்கை இல்லை" என்று ரீனா அம்மாவிடம் அழுதாளாம். நான் ஏறி வரவில்லை என்றால் நான்சியும் வண்டியில் ஏறமாட்டேன் என்கிறாள். ரீனா முகத்தைப் பார்த்து இதையெல்லாம் என்னால் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். அம்மா ரீனா, நீ நன்றாக ஓட்டுகிறாய். என்னைவிட நன்றாக ஓட்டுகிறாய்.

ஸ்டெல்லா சொல்கிறாள், போன தடவை அது பார்த்தது காப்பாற்றத்தானே, இந்தத் தடவையும் அதுக்குத்தான். இருக்கலாம். ஆனால் எதிலிருந்து என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

இன்னொரு தரம் பிரித்துப் பார்க்கச் சொல்லலாம் என்று நேற்று இக்பால் பாய்க்குப் போன் செய்தேன். நாளைக்கு முடியாது அண்ணா என்றார். இன்றைக்குக் கண்டே நவமி, நம்ம ஊர் ஆயுத பூஜைதான் அது, அவர் கடையில் வேலை செய்கிறவர்கள் ஸ்பானர், ஜாக், சுத்தியல் எல்லாவற்றையும் கழுவி சாமந்தி வைத்து அடுக்கிவிட்டார்கள், தசரா முடிகிறவரைக்கும் ஒருவரும் தொடமாட்டார்கள், அவர் முஸ்லிம் என்றாலும் அந்த இரண்டு நாள் அவரும் தொடமாட்டார். அதனால் வண்டி வாசலிலேயே நிற்கிறது. வெளியே ஷிண்டே அதைக் கழுவிக்கொண்டிருக்கிறார், நாளைக்கு மாலை போட வேண்டுமாம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஜன்னல் பக்கம் வந்து, "அண்ணா, உங்க கண்ணாடி எதுக்கு வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கு, யாரைப் பார்க்குது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

எழுந்து பார்த்தேன். டிரைவர் பக்கத்து ஜன்னல் வழியாகக் கண்ணாடி முழுசாக எங்கள் வீட்டைப் பார்த்து நிற்கிறது. அதில் எங்கள் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்குள் நான் எழுதிக்கொண்டிருக்கிற இந்த மேசை தெரிந்தது.

ஜன்னலைச் சாத்திவிட்டு, லைட்டைப் போட்டுக்கொண்டு மீதியை எழுதுகிறேன்.

தசராவுக்கு முந்தின நாள், கண்டே நவமி, சாயங்காலம்.
கோர்படி.